சிம்ரன் எடுத்துட்டா

“கட்டவே மாட்டாங்கன்னா, அந்தப் பொடவைய இன்னாத்துக்குதான் வாங்குறாங்க?”

இரண்டு ஊக்குகளை உதட்டில் கவ்வியபடி தேவிப்பிரியா கேட்டாள்.  பதில் இதை எழுதுகிற கைக்கே அன்று தெரியவில்லை. அவளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. முந்தானையை மடித்துத் தோளில் குத்தினாள். வட்ட விளக்கைப் போட்டாள். ஸ்டாண்டில் நின்ற போனைப் பார்த்து, பத்து வருடம் பழகியவர்களைப் பார்ப்பதுபோலச் சிரித்தாள். போன் வழியே புடவை விற்கும் லைவ் ஆரம்பித்துவிட்டது.

“வணக்கம், வணக்கம்! எல்லாரும் சாப்பிட்டாச்சா? வாங்க சௌம்யா சிஸ், வாங்க கன்னியம்மா அக்கா! இன்னிக்கு வந்திருக்கிற டிசைனைப் பார்த்தீங்கன்னா போனைக் கீழே வைக்க மாட்டீங்க!”

கள்ளிக்குப்பத்தில், ஒரு மாடி வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. ஒரு சுவரில் மட்டும் பூப்போட்ட பளபளப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. போனில் தெரிவது அந்தச் சுவர் மட்டும்தான். போனுக்கு இந்தப் பக்கம் குக்கர், கொடியில் காயும் துணி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவன் லோகேஷின் தடித்த ஷூ, எல்லாம் அப்படியே கிடக்கும். பார்க்கிறவர்கள் அவளை ஏதோ பெரிய ஜவுளிக்கடை முதலாளி என்று நினைத்தால் அவள் அதை மறுக்கமாட்டாள்.

அவளிடம் இரண்டு தமிழ் இருக்கிறது. விளக்கு எரிந்தால் ஒன்று, அணைந்தால் ஒன்று. “இந்தக் கலர் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க” என்று குழையும் அதே வாய், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “ஏய் காவ்யா, அடுப்புல பாலு கீது, பொங்கி ஊத்தப் போவுது!” என்று கத்தும். காவ்யா லோகேஷின் தங்கை. கல்லூரிக்குப் போகாத நேரத்தில் அண்ணிக்குப் பக்கத்தில், போனில் தெரியாத இடத்தில், இன்னொரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் செய்கிற வேலையைப் பிறகு சொல்ல வேண்டும்.

லைவ் எப்போதும் மத்தியானத்தில்தான். ராத்திரி வைத்தால் கூட்டம் வரும், வியாபாரம் வராது என்பாள். “ராத்திரி பக்கத்துல புருசன் குந்திக்கினு இருப்பான். ‘இதெல்லாம் எதுக்கு’ம்பான். மத்தியானம் அப்டியில்ல. பாத்திரம் கழுவியாச்சு, புள்ளைங்க வரல, கை சும்மா கீது. சும்மா கீற கை எதையாச்சும் புடிக்கத்தான் பாக்கும்.”

இந்தப் பாடத்தையெல்லாம் அவள் எங்கேயும் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் அம்பத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலைக்கு நின்றாள். அங்கே மாடிக்குச் சூப்பர்வைசராக இருந்தவர் கங்காதரன். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னது இதுதான்: “துணிய காட்டாத. போத்தி வுடு. தோள்ல போட்டுட்டு கண்ணாடிய காட்டு. அப்பறம் அது அவங்களுது. நாம விக்க வேணாம், அவங்கதான் எடுத்துக் கீழ வைக்கணும். வைக்க மனசு வராது.” அவர் சொன்னபடியே நடந்தது. தோளில் விழுந்த புடவையை யாரும் லேசில் கழற்றவில்லை. கழற்றியவர்களும் ஏதோ தங்களுடையதைப் பறிகொடுத்த முகத்தோடு போனார்கள்.

வீட்டிலிருந்து விற்க ஆரம்பித்தபோது அவளுக்கு வந்த முதல் சிக்கலே அதுதான். போனில் தோள் கிடையாது. யார் மேல் போர்த்துவது? கொஞ்ச நாள் வியாபாரம் ஈயோட்டியது. ஒரு நாள் தற்செயலாக ஒரு பெண்ணின் பெயரைப் படித்து, “தீபிகா சிஸ், இது உங்க நிறத்துக்குன்னே நெய்த மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டாள். அடுத்த நொடியே அந்தப் பெண் புடவையைக் கேட்டுவிட்டாள். அவளுடைய நிறம் என்னவென்று தேவிப்பிரியாவுக்குத் தெரியவே தெரியாது.

“பேர் சொல்றதுதான் தோள்ல போத்தறது,” என்று அன்று கண்டுபிடித்தாள்.

மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. விலையைக் கடைசியில்தான் சொல்வாள். அதற்கு முன்னால் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மாங்காடு கோயிலுக்குப் போவதையும், அங்கே நாத்தனார் கண்ணில் படுவதையும், ‘எங்கே எடுத்தே’ என்று நாத்தனார் கேட்பதையும் சொல்வாள். விலை வருவதற்குள் பார்க்கிறவர் மனசில் அந்தப் புடவை ஒரு முறை உடுத்தித் துவைக்கப்பட்டிருக்கும். ஆரம்பத்திலேயே ஒரு விலை உயர்ந்த பட்டுப்புடவையைக் காட்டி மடித்து வைப்பாள். அது விற்பதற்கு இல்லை. அடுத்து வருகிறவற்றின் விலையைச் சின்னதாகக் காட்டுவதற்கு. “புடிச்சிருந்தா ஒரு ஹார்ட் மட்டும் போடுங்க, வாங்க வேண்டாம்” என்பாள். ஒரு முறை அசைந்த விரல் இன்னொரு முறை சுலபமாக அசையும்.

இவ்வளவும் தெரிந்தவள் ஏமாறமாட்டாள் என்று நினைக்கக் கூடாது. பீரோவுக்கு மேலே, கயிறு இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பா ஒன்றும், தொப்பை குறைக்கும் பெல்ட் ஒன்றும் தூசி படிந்து கிடக்கின்றன. இரண்டும் அவள் போனில் பார்த்து வாங்கியவை. லோகேஷ் கிண்டல் செய்யும்போதெல்லாம், “டகுலு, ஏமாத்து வேலைன்னு தெரியும் மாமா. ‘இன்னும் ரெண்டுதான் கீது’ன்னு செவப்பு எழுத்துல வந்துச்சா, கை போயிடுச்சு” என்பாள். “நீ போட்ற டகுலுவ உனுக்கே எவனோ போட்டுக்கீறான்” என்று சொல்லிவிட்டு அவன் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவான்.

இப்போது காவ்யாவின் வேலை. ‘ஒரே பீஸ்தான்’ என்று கடைக்காரி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்தில் ஒருத்தி பறித்துக்கொண்டு போனால் நம்புவார்கள். அதற்காகக் காவ்யா தன் போனில் ஒரு பெண்ணை உண்டாக்கினாள். பெயர் சிம்ரன். ஊர் திருவேற்காடு. படத்தில் முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. அண்ணி ஒரு புடவையைத் தூக்கியதும் யாரும் கேட்காவிட்டால், சிம்ரன் ‘எனக்கு’ என்று எழுதுவாள். தேவிப்பிரியா உடனே, “ஐயோ, சிம்ரன் எடுத்துட்டா! பார்த்துக்கிட்டே இருந்தா போயிடும் சிஸ்!” என்பாள். அடுத்த புடவைக்கு நாலு பேர் முண்டியடிப்பார்கள். சிம்ரன் எடுத்த புடவை நாலு நாள் கழித்து வேறு மடிப்பில் திரும்ப வரும்.

சிம்ரனோடு நிஜமாகவே போட்டி போட்ட ஒரே ஆள் நாகம்மாள்.

நாகம்மாள் அயனம்பாக்கத்துக்காரர். ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது வீட்டை மூன்று போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவருக்கு எழுத்துக் கூட்டி அடிக்க வராது. மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். புடவை வேண்டும் என்றால் ஒரே வார்த்தை: ‘எனக்கு’. தினமும் முதல் ‘எனக்கு’ அவருடையதுதான். போணி அவர் கையால் ஆனால் அன்று வியாபாரம் ஓடும் என்பது தேவிப்பிரியாவின் நம்பிக்கை. “நாகம்மா அக்கா கைராசி” என்று லைவிலேயே சொல்வாள். அவர் வரத் தாமதமானால் பட்டுப்புடவையை இரண்டாவது முறை விரித்துக் காட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்துவாளே தவிர, விற்கிற புடவையைத் தொடமாட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பார்சல் கொண்டுபோகும் ஆள் வரவில்லை. அயனம்பாக்கம் பக்கத்தில்தானே என்று அவளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“அடியே! நெசமாவே நீதானாடி?” நாகம்மாள் கேட்டைப் பிடித்தபடி சிரித்தார். “போன்ல பூசணிக்காயாட்டம் தெரியுற, நேர்ல எலிக்குஞ்சாட்டம் கீற! உங்கம்மா வயசு எனுக்கு, அக்கான்னு கூப்புடுற. கூப்புடு, கூப்புடு, கேக்க நல்லாத்தான் கீது.”

உட்கார வைத்து, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, முதல் கேள்வியாக அவர் கேட்டது சிம்ரனைப் பற்றி.

“யாருடி அவ? கைல இன்னா மிசினா கட்டிக்கினு கீறா? போணிக்கு அப்பறம் நான் மைக்க அழுத்துறதுக்குள்ள அவ போட்டுடுறா. கல்யாணம் ஆயிடிச்சா?”

தேவிப்பிரியாவுக்குக் காப்பி புரையேறியது. “தெரிலக்கா. சின்னப் பொண்ணுதான்.”

“அதான பார்த்தேன். கட்டிக்கட்டும். கட்ற வயசு.”

அவர் புதுப் பார்சலை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். பின்னாலேயே தம்ளரை வைக்கப் போனவள், அரிசி டிரம்மின் மூடியை அவர் திறந்ததைப் பார்த்தாள். உள்ளே அரிசி இல்லை. விளிம்புவரை கவர்கள். ஒவ்வொன்றிலும் அவளே தன் கையால் ஒட்டிய ஸ்டிக்கர். ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.

“அக்கா, பிரிச்சே பாக்கலியாக்கா?”

“அதான் நீ லைவுல பிரிச்சுக் காட்டிட்டியே.”

“கட்டக்கூட இல்லியா?”

“கட்டிக்கினு எங்கடி போறது? பின்னாடி போர்ஷனுக்கா? எங்கூட்டு ஆளு செக்யூரிட்டி வேலைக்குப் போறாரு. நாள் பூரா கேட்டாண்ட ‘வணக்கம் சார், வணக்கம் மேடம்’னு பேசிட்டு வந்து, ஊட்டுல வாய தொறக்கறது சோறு துன்னத்தான்.”

“அப்புறம் இன்னாத்துக்குக்கா வாங்குறீங்க?”

நாகம்மாள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் காதைத் திருப்பினார். தூரத்தில் அம்மன் கோயில் மைக் கரகரத்துக்கொண்டிருந்தது.

“தெரிலடி. நீ ‘நாகம்மா அக்கா வந்துட்டாங்க’ன்னு சொல்ற பாரு. அதோ மைக்கு கேக்குது இல்ல? கூழுக்கு அரிசி குடுத்தவங்க பேரு சொல்றான். அப்டி கீது எனுக்கு. மைக்குல பேர சொல்லிட்டாங்க, நாலு பேரு கேட்டுட்டாங்க. அப்பறம் ஒண்ணும் குடுக்காம குந்தியிருந்தா நல்லாவா இருக்கும்? கை தானா போயிடுது.”

சொல்லிவிட்டு அவரே குரலைத் தாழ்த்தினார். “எம்புள்ள உதயா ஓசூர்ல கீறான் இல்ல, போன வாரம் வந்தான். இந்த டிரம்ம தொறந்துட்டான். ‘இன்னொரு கவரு இந்த ஊட்டுக்குள்ள பாத்தேன், இந்த போன புடுங்கிக்கினு பட்டன் போனு குடுத்துடுவேன்’னுட்டான். கூழு ஊத்தறதுக்கு வர ஞாயித்துக்கெழம திரும்பி வரான்.”

“தெரிஞ்சுமா நேத்து போட்டீங்க?”

“நீதானே கூப்ட்ட!”

தேவிப்பிரியா பார்சலுக்குக் கை நீட்டினாள். “குடுங்கக்கா, எடுத்துக்கினு போறேன். பணத்த போட்டுவுட்டுடுறேன்.”

“ஐய! போணி பண்ணத திருப்பித் தருவாங்களா? உன் யாவாரம் படுத்துக்கும்டி.” நாகம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டார். கவரை டிரம்முக்குள் அமுக்கினார். மூடி உட்காரவில்லை. அதை எடுத்து வாஷிங் மிஷினுக்குள் வைத்துப் பார்த்தார். “இங்க தேட மாட்டான். அவன் துணியவே அவன் தோய்க்கமாட்டான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது தேவிப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டிரம்மில் இருந்தது புடவை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. தான் சொன்ன பெயர்கள் அவை. ஒவ்வொரு நாளும் ஒன்று, பிரிக்காமல், கசங்காமல். போன் போய்விட்டால் அந்தப் பெயரை அந்த வீட்டில் இன்னொருவர் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னாலோ கவர் வரும். கவர் வந்தால் போன் போகும்.

மறுநாள்தான் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். நாகம்மாள் சொன்ன பதில் காதில் இருந்தாலும், அதை அவளால் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று லைவில் அவள் வரவேற்றவர்களில் நாகம்மாள் இல்லை. வேண்டுமென்றே விட்டாள். கூப்பிடாவிட்டால் கை போகாது என்பது அவள் கணக்கு.

‘வணக்கம்’ என்று நாகம்மாளின் எழுத்து வந்தது. அவள் பார்க்காததுபோல இருந்தாள். ‘நான் நாகம்மாள் வந்து இருக்கிறேன்’ என்று வந்தது. அவள் பார்டரைப் பற்றிப் பேசினாள். ‘எனக்கு’ என்று வந்தது. அடுத்த புடவைக்கும் ‘எனக்கு’. அதற்கடுத்ததற்கும். காவ்யா அண்ணியின் முழங்காலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

விளக்கை அணைத்ததும் போன் அடித்தது. “இன்னாடி, எம்மேல கோவமா? மூணு போட்டேன், ஒண்ணுக்கும் பேரு சொல்லல. நாலாவது போட்டாத்தான் சொல்லுவியா?”

“இல்லக்கா, அந்த மூணுலயும் டேமேஜ் கீது. அனுப்பலக்கா,” என்று சமாளித்தாள். போனை வைத்துவிட்டு அந்த மூன்று புடவைகளையும் மடித்து வைத்தாள். பெயர் சொன்னால் ஒன்று. சொல்லாவிட்டால் மூன்று. கங்காதரன் இதைச் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் நாகம்மாளின் மகன் உதயா வருகிறான். அயனம்பாக்கம் பார்சல் என்றால் அன்று சாயங்காலமே வீட்டில் போய்ச் சேர்ந்துவிடும்.

“இன்னிக்கு நாகம்மா அக்கா கேட்டா குடுக்கக் கூடாது,” என்றாள் தேவிப்பிரியா.

காவ்யா நெஞ்சில் கை வைத்தாள். “போணிய வேணாம்னு சொல்லுவியா அண்ணி? ஆடி மாசம். கேக்கறவங்கள அனுப்பிட்டா அப்பறம் எவ வருவா?”

தேவிப்பிரியா ஊக்கைக் குத்திக்கொண்டாள். விளக்கைப் போட்டாள்.

“வணக்கம், வணக்கம்! நாகம்மா அக்கா வந்துட்டாங்க! அக்கா, சாப்பிட்டீங்களா? இன்னிக்கு என்ன குழம்பு?”

அவள் கையில் புடவை எதுவும் இல்லை. காவ்யா ஆச்சரியமாகப் பார்த்தாள்.  திரையில் நாகம்மாளின் எழுத்து வந்தது: ‘கருவாட்டு குழம்பு வாசனை வருதா’.

“வருதுக்கா, கள்ளிக்குப்பம் வரைக்கும் வருது!” தேவிப்பிரியா சிரித்தாள். “நாளைக்குப் பிள்ளை வர்றார் இல்லையா? கூழுக்கு மாவு கரைச்சாச்சா? முழங்கால் வலி எப்படி இருக்கு?” கன்னியம்மா தனக்கும் முழங்கால் வலி என்று எழுதினார். நாகம்மாள் அவருக்கு ஏதோ எண்ணெய் சொன்னார். சில நிமிடங்கள் அது புடவைக் கடையாகவே இல்லை. யாரோ ஒருத்தி பொறுமையிழந்து, ‘புடவை எப்போ காட்டுவீங்க’ என்று கேட்டாள்.

முதல் புடவை மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. இரண்டு கையாலும் விரித்தாள். நாத்தனாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதலிலேயே விலையைச் சொல்லிவிட்டாள்.

‘எனக்கு’.

நாகம்மாள். போணி.

காவ்யாவின் கட்டைவிரல் காற்றில் நின்றது. அவள் எதையும் எழுதவில்லை. தேவிப்பிரியாவின் பார்வை ஒரு கணம் திரையில் ஊன்றியது. பிறகு இத்தனை நாள் மற்றவர்களை விரட்டப் பயன்பட்ட அதே குரலில், அதே பதற்றத்தோடு, கையை நெற்றியில் அடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஐயோ நாகம்மா அக்கா! சிம்ரன் எடுத்துட்டாக்கா! ஒரு நொடியில போச்சு!”

காவ்யா விழித்தாள். புரிந்ததும் அவசர அவசரமாக ரோஜாப்பூவின் பெயரில் ‘எனக்கு’ என்று அடித்தாள். சிம்ரன் முதல் தடவையாகத் தாமதமாக வந்தாள்.

 ‘இன்னொரு பீஸ் இருக்கா’ என்று சௌம்யா கேட்டாள். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். இருந்த ஒன்று அவள் கையிலேயே இருந்தது. கொடுத்திருந்தால் போணி ஆகியிருக்கும்.

“இல்லைங்க சிஸ். சிம்ரன் எடுத்துட்டா.”

நாகம்மாளின் எழுத்து மெதுவாக வந்தது. ‘பரவாயில்லை சின்ன பொண்ணு கட்டட்டும் அந்த கலர் எனக்கு எடுக்காது’. அதன் கீழே இன்னொன்று: ‘அதை கட்டிக்கினு மாங்காடு கோயிலுக்கு போக சொல்லு அந்த பொண்ணை நான் சொன்னேன்னு சொல்லு’.

“சொல்றேன் நாகம்மா அக்கா,” என்றாள் தேவிப்பிரியா. அந்தப் பெயரை இன்னொரு முறை, தேவையே இல்லாமல் சொன்னாள்: “கண்டிப்பா சொல்றேன், நாகம்மா அக்கா.”

பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, மஞ்சள் புடவையை இடது கையால் பக்கவாட்டில் நீட்டி, திரையில் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்த காவ்யாவின் தோளில் போர்த்திவிட்டாள்.

இதைப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். மத்தியானத்தில் தனியாகப் போனோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவருக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஆரம்பிப்பதற்கு முன், அவர் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிடுங்கள்.